சித்தப்பா தந்த காசை உருக்கவோ என்று கேட்டாய்

என் மகனே,

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோனில் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. "அப்பா, சித்தப்பா தந்த காசை உண்மையாவே உருக்கவோ? இல்லாட்டி அதைப் பத்திரமா வைச்சிட்டு, சாதாரண காசு ஒண்டு வாங்கி உருக்குவமோ?" என்று கேட்டாய். அடுப்பில் கறி கொதிக்கிறது என்று சொல்லி ஃபோனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் கொதிக்கவில்லை. அன்றைக்கு நாங்கள் பாணும் சீஸும்தான் சாப்பிட்டோம். ஃபோனை வாங்கும்போது உன் அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைச் சொல்லாமல் விடுகிறேன். இந்தக் கடிதம் உன் கேள்விக்கான பதில். ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் நீ நாலாம் வகுப்பில் படித்த காலத்திலிருந்து நான் சேர்த்து வைத்திருக்கும் எரிச்சல் இருக்கிறது. அதையும் சொல்லாமல் பதிலை மட்டும் சொன்னால் உனக்கு விளங்காது.

இதை நீ உன் வருங்கால மனைவிக்கும் வாசித்துக் காட்டுவாய் என்று எனக்குத் தெரியும். வாசித்துக் காட்டு. அவள் ஷாஃப்ஹவுசனில் பிறந்து வளர்ந்த பிள்ளை. பொன்னுருக்கு மாப்பிள்ளை வீட்டில் நடப்பது, பெண் அங்கே வருவதில்லை, ஆகவே அவளுக்கு அதை யாரும் ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டார்கள். தாலிக்கு வேண்டிய தங்கக் காசை மாப்பிள்ளையின் தாய் தகப்பன் மாப்பிள்ளையின் கையில் கொடுப்பார்கள். அவன் அதை ஆசாரியாரிடம் கொடுப்பான். அவர் நல்ல நேரத்தில், வந்தவர்கள் எல்லோரும் பார்த்திருக்க, அதை மூசையில் போட்டு உருக்குவார். உருகி ஆறிய தங்கத்தைத் தட்டில் வைத்து ஒவ்வொருவருக்கும் காட்டுவார்கள். பெரியவர்கள் தொட்டு ஆசீர்வாதம் பண்ணுவார்கள். ஊரில் இதை வீட்டுக்குள்ளேயே செய்தோம். இங்கே வில் நகரில் எங்கள் ஃபிளாட்டின் கூரையில் புகை மணி இருக்கிறது. ஆகவே கீழே தோட்டத்தில் செய்ய, கட்டடத்தைப் பராமரிக்கிற ஹவுஸ்வார்ட்டிடம் அனுமதி கேட்டேன். க்ரில் போடப் போகிறீர்களா என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீ மறுத்துச் சொல்லிவிடாதே.

மாப்பிள்ளையின் தாய் தகப்பன் கொடுக்கும் காசு என்று எழுதினேன், கவனித்தாயா? அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது.

உன் மனைவிக்காக இன்னொன்றும் சொல்ல வேண்டும். சித்தப்பா என்று நீ உருகுகிற அந்த மனிதர் உன் அம்மாவின் தங்கையின் கணவர். எனக்குச் சகலன். சுவிசுக்கு வந்த புதிதில் அவரும் சித்தியும் எங்கள் வீட்டு வரவேற்பறையில்தான் படுத்தார்கள். வேலை முடிந்து விடியப்புறம் வந்தால் அவருடைய காலைத் தாண்டித்தான் நான் குசினிக்குப் போவேன். பிறகு அவர் சூக் நகரத்துக்குப் போனார். அலுவலகங்கள் துப்புரவு செய்யும் வேலையில் சேர்ந்தார். கொஞ்சக் காலத்தில் அந்த வேலையைத் தானே எடுத்து, ஆட்களை வைத்துச் செய்யத் தொடங்கினார். இன்றைக்கு குசினி யன்னலால் ஏரி தெரிகிற வீட்டில் இருக்கிறார். ஏரி தெரிகிறது என்பது அவர் சொல்வது. நான் கழுத்தைச் சரித்துப் பார்த்தபோது இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் ஒரு துண்டுத் தண்ணீர் தெரிந்தது, அவ்வளவுதான். பார்த்தாயா, தொடங்கிவிட்டேன். எனக்கு அவரில் பொறாமை, மகனே. இனி அதை மறைத்து என்ன வரப்போகிறது? அவர் கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். எந்தக் காரியத்துக்கும் முதல் ஆளாக வந்து நிற்பார். என்னை இன்றுவரை அண்ணை என்று வாய் நிறையக் கூப்பிடுவார். அதனால் அவரைத் திட்டவும் வழியில்லை. "உங்களுக்கு அவரில எரிச்சல் எண்டு எல்லாருக்கும் தெரியும், அவருக்கு மட்டும்தான் தெரியாது" என்று உன் அம்மா சொல்லுவாள்.

வீட்டையும் ஏரியையும் நான் எப்படியோ செரித்துக்கொண்டேன். செரிக்காமல் போனது அந்தப் பெட்டிதான். உனக்கு நினைவிருக்கும், அவருடைய மூத்தவளின் பிறந்தநாள். சாப்பாடு முடிந்ததும் எங்களை உள்ளறைக்குக் கூப்பிட்டு ஒரு மரப்பெட்டியைத் திறந்தார். நீல வெல்வெட்டில் நாலு பள்ளம், நாலு தங்கக் காசு, பெரியதிலிருந்து சிறியது வரை. எல்லாவற்றிலும் ஒரே உருவம். ஒவ்வொன்றும் ஒரு கண்ணாடிச் சிமிழுக்குள். ப்ரூஃப் காசு என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். கடையில் கொடுத்து வாங்குகிற காசு இல்லை, பார்ப்பதற்கென்றே அடிக்கிற காசு என்றார். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு பெரியதைச் சிமிழிலிருந்து எடுத்தார். நடுவில் உருவம் பனி படிந்த மாதிரி மங்கலாக, சுற்றிவர வெறும் இடம் முகம் பார்க்கும் கண்ணாடியாக இருந்தது. வடிவுதான், அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். நான் கையை நீட்டினேன். "தொடாதேங்கோ அண்ணை" என்றார், மெதுவாகத்தான் சொன்னார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் நீ இருக்கிறாயே, நீ மேசைக்கு அந்தப் பக்கம் அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "அப்பா, விரல் பட்டா அதின்ர மதிப்புப் போயிடும்" என்று எனக்குப் பாடம் எடுத்தாய். அவர் தன் கையுறையைக் கழற்றி உன் சின்னக் கையில் மாட்டி, லென்சையும் தந்தார். நீ ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மூச்சையும் அடக்கிக்கொண்டு பார்த்தாய். நான் காட்டிய எதையும் நீ அப்படிப் பார்த்ததில்லை.

பிறகு கேட்டாய், இது எப்படிக் கண்ணாடி மாதிரி வருகிறது என்று. அது மெஷின் என்றார் சித்தப்பா. நான் வாயைத் திறக்கவில்லை. அது ஏன் என்று இன்றைக்குச் சொல்கிறேன். அந்தக் கேள்விக்கு அந்த அறையில் பதில் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். அப்பா ஃபாக்டரியில் வேலை என்று நீ பள்ளிக்கூடத்தில் சொல்லுவாய். ஃபாக்டரியில் நான் செய்வது உருக்கு அச்சுக்களை மினுக்குவது. பிளாஸ்டிக்கை ஊற்றி வார்க்கும் அச்சு எவ்வளவு மினுங்குகிறதோ அவ்வளவுதான் அதிலிருந்து வரும் பொருளும் மினுங்கும். முதலில் கல்லால் தேய்க்க வேண்டும், பிறகு அதைவிட நுண்ணிய கல்லால், கடைசியில் வைரத்தூள் குழம்பைத் தடவி மென்மையான துணியால். நடுவில் ஒரு தூசு புகுந்தால் கீறல் விழும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். தங்கக் காசுக்கும் அதேதான். கண்ணாடி காசில் இல்லை, காசை அடிக்கிற அச்சில் இருக்கிறது. மெஷின் எவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டாலும், கடைசி மினுக்கம் எங்கேயோ ஒருத்தனின் கையால்தான் வந்திருக்கும். என்னைப் போன்ற ஒருத்தன், விரல் நகத்துக்குள் கறுப்போடு. இதைச் சொல்லியிருந்தால் நீ என் பக்கம் திரும்பியிருப்பாயோ என்னவோ. எனக்குக் கோபம். அவரிடம் கேட்டாய் அல்லவா, அவரே சொல்லட்டும் என்று நின்றேன். ரயிலில் வீடு வரும்வரை நீ அந்தக் காசைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தாய். நான் யன்னலால் மாடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த வருடமோ அதற்கு அடுத்த வருடமோ உன் பள்ளிக்கூடத்தில் ஸூக்குன்ஃப்ட்ஸ்டாக் வந்தது. பிள்ளைகள் ஒரு நாள் தாய் தகப்பனின் வேலையிடத்துக்குப் போய்ப் பார்க்கிற நாள். நான் என் மேசையைத் துடைத்து வைத்திருந்தேன். உனக்குக் காட்டுவதற்கென்று ஒரு சின்ன உருக்குத் துண்டை மினுக்கி, துணியில் சுற்றி, மேசை லாச்சியில் வைத்திருந்தேன். மகன் வருகிறான் என்று மேஸ்திரியிடமும் சொல்லிவிட்டேன். நீ பள்ளியால் வந்து, சித்தப்பாவோடு போகலாமாம், டீச்சர் ஓம் என்று சொல்லிவிட்டார், என்றாய். கண்ணாடிக் கட்டடங்களின் உச்சி மாடிவரை லிஃப்டில் போகலாமாம். போயிட்டு வா, நல்லது என்றேன். மறுநாள் மேஸ்திரி மகன் எங்கே என்று கேட்டார். காய்ச்சல் என்று சொன்னேன். அன்றைக்கு எனக்கு வந்தது கோபமில்லை, தெளிவான பொறாமை. ஒரு மனிதனின் வீட்டைப் பார்த்தும் காரைப் பார்த்தும் வருகிற பொறாமை கொஞ்ச நாளில் ஆறிவிடும். உன் பிள்ளையின் கண் அவன் பக்கம் திரும்பும்போது வருகிறதே, அது ஆறாது. உனக்கும் பிள்ளை பிறக்கும், அப்போது தெரியும்.

இனி உன் நிச்சயார்த்தத்துக்கு வருகிறேன். பொன்னுருக்குக் காசை நான் அடுத்த கிழமை பாங்கில் வாங்குவதாக இருந்தேன். சாதாரண காசு, தங்கத்தின் விலையோடு சொற்பம் கூட. உருக்கப் போகிற காசுக்கு அழகு எதற்கு? மண்டபத்தில் எல்லோரும் சாப்பிட்டு முடிகிற நேரம் சித்தப்பா எழும்பி நின்றார். கையில் சின்னப் பெட்டி. உன்னைக் கூப்பிட்டு, "இது என்ர பிள்ளையின்ர பொன்னுருக்குக்கு" என்று சொல்லி உன் கையில் வைத்தார். திறந்தால் அதே காசு. நான் தொடக்கூடாத அந்தப் பெரிய காசு. சனம் கை தட்டியது. உன் மாமியார், சித்தப்பா எண்டால் இப்பிடியெல்லோ இருக்க வேணும் என்று எனக்குக் கேட்கும்படி சொன்னார். நீ அவரைக் கட்டிப் பிடித்தாய். நானும் கை தட்டினேன், வீடியோவில் பார்க்கலாம். முகத்தில் ஈயாடவில்லை என்பதும் அதே வீடியோவில் தெரியும். என்ர பிள்ளை என்றாரே, அந்தச் சொல் எனக்குள் போய் முள்ளாய் நின்றது. வளர்த்தது நான், அவர் பிள்ளை என்கிறார். தாலிக்குக் காசு கொடுப்பது தகப்பனின் உரிமை, அதையும் கேட்காமல் எடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நான் செய்த காரியம் உனக்குத் தெரியாது. அடுத்த சனிக்கிழமை, பல்லுக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு சூரிச்சுக்கு ரயில் ஏறினேன். ஆற்றங்கரையில் பழைய நாணயங்கள் விற்கும் ஒரு கடை. கடைக்காரி என் வயதுப் பெண்மணி, கழுத்தில் லென்ஸ் தொங்கியது. ப்ரூஃப் காசு வேண்டும், ஒரு அவுன்ஸ், இருப்பதில் நல்லது என்றேன். அவர் மூன்று நாலு எடுத்து வைத்தார். விலையை இரண்டு தரம் வாசித்தேன். பக்கத்திலேயே அதே நிறைச் சாதாரண காசையும் வைத்தார். தங்கம் வேண்டுமென்றால் இதை வாங்குங்கள், மூன்றிலொரு பங்கு மிச்சம் என்றார். அந்த மூன்றிலொரு பங்கு எதற்கு என்று கேட்டேன். மினுக்கத்துக்கு, எண்ணிக்கையில் குறைவாக அடித்ததற்கு, பெட்டிக்கு, சான்றிதழுக்கு என்றார். திரும்ப விற்கும்போது அது கிடைக்குமா என்று கேட்டேன். அது உங்களுக்கு முன்னால் நிற்கிற ஆளைப் பொறுத்தது, அவருக்கு இதுதான் வேண்டுமென்றால் கிடைக்கும், இல்லாவிட்டால் தங்கத்தின் விலைதான், குறைவாக அடித்ததென்றால் விலை கூடும் என்று நினைக்கிறார்கள், குறைவான ஆட்களே தேடினால் கூடாது என்றார். அவ்வளவு நேர்மையாகச் சொன்னார், மகனே. ஒரு மனிதன் கெட்டுப்போகாமல் இருக்க அதைவிட என்ன சொல்ல முடியும்? எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, இருந்ததில் விலை கூடியதைக் காட்டி இதைத் தாருங்கள் என்றேன். நல்ல தரமான பல் இரண்டு கட்ட வைத்திருந்த காசு அப்படியே போனது. உன் மனைவியின் அக்கா புருஷன் பல் வைத்தியர்தானே, இனி அவரைத்தான் பிடிக்க வேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுவந்து அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். பொன்னுருக்கு அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் எடுத்து, சித்தப்பாவின் காசைவிட நல்லதைத் தகப்பன் கொடுத்தான் என்று காட்டுவது என் எண்ணம். ஒரு கிழமைகூடத் தாங்கவில்லை, அம்மா கண்டுபிடித்துவிட்டாள். "இதை வாங்கினது பிள்ளைக்கோ, மற்றவருக்குக் காட்டவோ?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் காசை எடுத்துக்கொண்டு அதே கடைக்குத் திரும்பப் போனேன். திருப்பி எடுப்பீர்களா என்றேன். கடைக்காரி நிறுத்துப் பார்த்து, அன்றைய தங்க விலையும் அதற்கு மேல் சிறு தொகையும் சொன்னார். நான் கொடுத்ததில் எவ்வளவோ குறைவு. என் முகத்தைப் பார்த்து, பல வருடம் வைத்திருங்கள், தங்கம் ஏறினால் இதுவும் ஏறும் என்று ஆறுதல் சொன்னார். அப்படி ஏறுவது தங்கம்தானே, மினுக்கமில்லையே என்று கேட்டேன். சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது, அதையும் மறைக்க மாட்டேன். என் காசு இரட்டிப்பாகிவிட்டது என்று சித்தப்பா ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்வாரல்லவா? பாங்கில் சாதாரண காசு வாங்கி வைத்தவனுக்கும் அதே அளவு ஏறியிருக்கும், அதைவிடக் கொஞ்சம் கூட என்றும் சொல்லலாம், அவன் மினுக்கத்துக்குக் கொடுக்கவில்லையே. இதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்று அப்படி ஒரு ஆசை. காசை விற்காமல் பைக்குள் போட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போகாமல் நேரே சூக்குக்கு ரயில் ஏறினேன். உம்முடைய காசு உம்மிடமே இருக்கட்டும், என் பிள்ளையின் தாலிக்கு நான் இருக்கிறேன் என்று சொல்வதற்கு வசனமெல்லாம் வழியிலேயே தயார் பண்ணிவிட்டேன்.

சித்தி வீட்டில் இல்லை. அவர் தனியாக இருந்தார். தேத்தண்ணி போட்டுத் தந்தார். நான் காசைப் பற்றித் தொடங்கியதும் உள்ளே போய் அந்த மரப்பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார். பெரிய பள்ளம் வெறுமையாக இருந்தது. மற்ற மூன்றும் அதனதன் இடத்தில். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாலும் சேர்ந்துதான் அது ஒரு தொகுதி. ஒன்றைப் பிரித்தால் பெட்டிக்கும் மதிப்பில்லை, மிச்சம் மூன்றுக்கும் தங்க விலைக்கு மேல் மேல்விலை என்று யாரும் ஒன்றும் தரமாட்டார்கள். எனக்கே இவ்வளவு தெரிந்திருக்கிறது, அவருக்குத் தெரியாமலா? தெரியும் என்றார். ஒவ்வொரு ஞாயிறும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இதைத் திறந்து பார்ப்பாராம், விற்கிற எண்ணம் என்றைக்குமே இருந்ததில்லையாம். அப்படியானால் ஏன் பிரித்தீர் என்று கேட்டேன். யன்னலால் அந்தத் துண்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"எனக்கு ரெண்டும் பொம்பிளைப் பிள்ளையள் அண்ணை. இந்த வீட்டில பொன்னுருக்கு நடக்காதுதானே. உங்கட வீட்டில நடக்கேக்க என்ர காசு ஒண்டாவது அதுக்குள்ள இருக்கட்டும் எண்டு நினைச்சன்."

ரயிலில் தயார் பண்ணிய வசனங்களை அப்படியே விட்டுவிட்டேன். தேத்தண்ணியைக் குடித்தேன். இத்தனை வருடமாக அவருடைய பெட்டியைப் பார்த்து நான் புழுங்கியிருக்கிறேன். அவர் அதே மேசைக்கு மறுபக்கம் இருந்துகொண்டு உன்னைப் பார்த்துப் புழுங்கியிருக்கிறார். கையுறையை உனக்கு மாட்டிவிட்டபோது அவர் முகத்தை நான் பார்த்திருக்க வேண்டும், நான் காசைத்தான் பார்த்தேன். என் பைக்குள் என் காசு இருந்தது. அதைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. திரும்பி வரும்போது மனம் இளகியதா என்று கேட்டால், இளகியது. ஆனால் ரயில் வின்டர்தூர் தாண்டும்போது மறுபடியும் பொறாமை வந்துவிட்டது. இதிலும் அவர்தானே முந்திவிட்டார்! நான் காட்டுவதற்கு வாங்கினேன். அவர் பார்ப்பதற்கு வாங்கி, பார்த்துப் பார்த்து, அதில் பெரியதை எடுத்து உருக்கத் தந்திருக்கிறார். கொடுப்பதிலும் அவரே பெரிய ஆளாகிவிட்டால் நான் எங்கே போவது?

ஆகவே உன் கேள்விக்கு வருகிறேன், அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ப்ரூஃப் காசுக்கு அவ்வளவு மேல்விலை தகுமா? கணக்காகக் கேட்டால், பெரும்பாலும் தகாது. தங்கத்துக்காக வாங்குகிறவன் சாதாரண காசு வாங்க வேண்டும். விற்றுப் பிழைக்கலாம் என்று மினுக்கத்துக்குக் காசு கொடுக்கிறவன், தன்னைப் போல இன்னொருத்தன் வருவான் என்று நம்பிக் காத்திருக்கிறான். வந்தாலும் வருவான். ஆனால் ஞாயிறு ஞாயிறாகத் திறந்து பார்த்த சித்தப்பாவுக்கு அது நட்டமில்லை. அவர் கொடுத்த மேல்விலைக்குப் பார்த்து முடித்துவிட்டார். அச்சை மினுக்கியவனின் கூலியும் அந்த மேல்விலைக்குள் எங்கோ இருக்கிறது, அந்தப் பங்கை நான் குறை சொல்ல மாட்டேன். நட்டப்பட்டது நான். அலுமாரிக்குள் ஒளித்து வைத்து, ஒரு நாள்கூட ஆசையாக எடுத்துப் பார்க்காமல், இன்னொருவரின் முகம் சுருங்குவதைப் பார்ப்பதற்காகக் காசைக் கொட்டினேன். நாளைக்கு உனக்கும் ஒரு சகலன் வரப்போகிறார். பெரிய வீடு, பல் வைத்தியர், உன்னைவிட நல்லாக ஜோக் அடிக்கிறார். பொறாமைப்படாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. பொறாமை வந்தால் வீட்டில் சொல்லிவிடு. கடைக்குப் போகாதே. நீ உன் மனைவியிடம் சொன்னால் அவள் சிரிப்பாள், அதோடு பாதி போய்விடும். நான் அம்மாவிடம் மறைத்துவிட்டுக் கடைக்குப் போனேன்.

உன் யோசனை புத்தியான யோசனைதான். ப்ரூஃப் காசை உருக்குகிறவன் மடையன். மூசையில் முதலில் போவது அந்த மேல்விலைதான், மிஞ்சுவது தங்கம் மட்டும். இருந்தாலும் உருக்கு. அவர் அதை வைத்துப் பூட்டச் சொல்லித் தரவில்லை. என் காசையும் கொண்டுவருகிறேன், இரண்டையும் ஒன்றாக உருக்குவோம், தாலிக்கும் கொடிக்கும் சேர்த்துச் சரியாக இருக்கும். என் காசை நானும் அம்மாவும் உன் கையில் தருவோம். அவருடைய காசைச் சித்தப்பாவும் சித்தியும் தரட்டும். இதை எழுதுவதற்குள் நான் இரண்டு தரம் எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தேன். கையுறை மட்டும் யாரும் கொண்டுவரக்கூடாது. உருகிய பிறகு எது யாருடையது என்று அவருடைய லென்சாலும் கண்டுபிடிக்க முடியாது. ஒன்றை மட்டும் உனக்குச் சொல்லி வைக்கிறேன். இரண்டிலும் தங்கம் ஒரு அவுன்ஸ்தான், ஆனால் அவருடையது தனித் தங்கம், என்னுடையதில் அதற்கு மேல் செம்பும் கலந்திருக்கிறது, அதனால் கொஞ்சம் பாரம் கூட. ஆசாரியாரிடம் கேட்டேன். தனித் தங்கம் மெதுமையாம், நெளிந்துவிடுமாம், செம்பு சேர்ந்தால்தான் தாலி உரமாக நிற்குமாம். இதை நான் அன்றைக்கு யாருக்கும் சொல்ல மாட்டேன். நீ தெரிந்து வைத்திருந்தால் போதும்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், இதுதான் நான் உன்னிடம் கேட்கிற கல்யாணப் பரிசு. பொன்னுருக்குக்கு முதல் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வில்லுக்கு வா. எனக்கு பென்ஷனுக்கு அதிக காலமில்லை. மேஸ்திரி மாறிவிட்டார், புதியவரிடம் மகன் வருவான் என்று சொல்லியிருக்கிறேன், இந்தமுறை காய்ச்சல் என்று சொல்ல முடியாது. அந்த உருக்குத் துண்டு இன்னும் என் லாச்சியில்தான் இருக்கிறது. வேலை இல்லாத நேரங்களில் எடுத்து எடுத்து மினுக்கி, இப்போது அதில் உன் கண் இமை மயிர்கூடத் தெரியும். வரும்போது சித்தப்பாவின் லென்சை இரவல் வாங்கிக்கொண்டு வா. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அன்றைக்குப் பார்த்த மாதிரி பார். விரலால் தொட்டும் பார், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அடையாளம் விழுந்தால் நான் திரும்ப மினுக்கிக்கொள்வேன்.

அப்பா